இலைப் பச்சையை எதைக் கொண்டு அளப்பது: அட்டையா, மீட்டரா, ட்ரோனா, செயற்கைக்கோளா?

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், வீரவநல்லூர் பக்கம், எங்கள் பத்தில், அதாவது எங்கள் நெல் வயல்வெளியில், பதினாலு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். எல்லாருடைய வயலையும் கூட்டினால் நாற்பது ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். வருகிற பிசானத்துக்கு, அதாவது மழைக்கால நெல் பருவத்துக்கு, யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு வீசாமல் இலையைப் பார்த்து அளந்து போடுவோம் என்று பேச்சு வந்தது, பொதுப் பணத்தில் ஒரு கருவி வாங்கலாம் என்பதும் முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. ஒரு அண்ணாச்சி ட்ரோன் என்கிறார், அவர் மகன் செல்போன் ஆப் போதும் என்கிறான், எங்க பெரியப்பா "நாப்பது வருசமா பாக்கேன், இலையைப் பாத்தா எனக்குத் தெரியாதா" என்கிறார். கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலையில் கேமரா வைத்து உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவன் என்பதால் இதை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஒரு மாதமாகப் படித்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு வேறு ஊரிலும் குழுக்கள் இருக்கும்.

முதலில், அளக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. விலை குறைவு என்பதாலேயே கை தாராளமாகப் போகிறது. போன பிசானத்தில் பக்கத்து வயல் கரும்பச்சையாகத் தெரிகிறதே என்று மார்கழிக் கடைசியில் நானே என் அம்பை 16 ரக நெல்லுக்கு அரை மூட்டை கூடுதலாக வீசினேன். பனி இறங்கியது, கதிர்க் கழுத்தில் குலைநோய் வந்தது, மிச்சம் இருந்ததும் அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் சாய்ந்துவிட்டது. தழைச்சத்து கூடினால் இலை மெத்தென்று ஆகி குலைநோய்க்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் இடம் கொடுக்கும் என்பது தெரியாமல் போட்டேன் என்று சொல்ல முடியாது. தெரியும். எவ்வளவு போதும் என்பதுதான் தெரியவில்லை.

இந்தக் கருவிகள் எல்லாம் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை, அதாவது 650 நானோமீட்டர் பக்கம் உள்ள ஒளியை, நன்றாகக் குடித்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குக் கிட்டப்பட்ட ஒளியை, 780-க்கு மேல், இலை கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை, பாதியளவைத் திருப்பி அனுப்பிவிடும். தழைச்சத்து நன்றாக இருந்தால் பச்சையம் கூடும், சிவப்பு குறைவாகத் திரும்பும். மீட்டரிலிருந்து செயற்கைக்கோள் வரை இரண்டையும் ஒப்பிட்டு ஒரு எண் சொல்வதுதான் கருவியின் வேலை, அட்டையும் போனும் கண்ணுக்குத் தெரியும் பச்சையை மட்டும் பார்க்கும். கருவிக்குக் கருவி மாறுவது எங்கிருந்து பார்க்கிறது, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறது என்ற இரண்டும்தான். இதில் இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி.

ஏன் என்று ஆலையில் பட்ட பாட்டைச் சொன்னால் புரியும். எங்கள் வரிசையில் ஒரு கேமரா காலையெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், சாயங்காலம் நாலரைக்கு மேல் நல்ல பாகத்தையெல்லாம் கழித்துத் தள்ளும். லென்ஸை மாற்றினார்கள், மென்பொருளை மாற்றினார்கள், வெளியூரிலிருந்து ஆள் வந்து ரெண்டு நாள் உட்கார்ந்தார். கடைசியில் பார்த்தால் மேற்குப் பக்க ஷட்டரை லாரிக்காகத் திறக்கும்போது வெயில் சாய்வாக உள்ளே வந்து பாகத்தின் விளிம்பில் விழுந்திருக்கிறது. ஒரு கறுப்புத் திரை போட்டோம், விளக்கின் சிவப்பை மட்டும் விடும் ஒரு வடிகட்டியை லென்ஸுக்கு முன்னால் மாட்டினோம், பிரச்சினை அன்றோடு போனது. நம்ம ஊர் அரிசி ஆலைகளில் சார்டெக்ஸ் போடுகிறார்களே, அதுவும் இப்படித்தான். சரிவில் வழுகி விழும் அரிசியை கேமரா மூடிய பெட்டிக்குள், தன் விளக்கின் வெளிச்சத்தில் மட்டும் பார்க்கிறது, பழுப்பு அரிசியோ கறுப்பரிசியோ தெரிந்தால் அது விழுந்து முடிவதற்குள் காற்றை ஊதித் தள்ளிவிடுகிறது. அவ்வளவு வேகத்தில் தப்பில்லாமல் பிரிக்க முடிவதற்குக் காரணம் கேமராவின் கெட்டிக்காரத்தனம் பாதி என்றால், வெளிச்சம் மாறாமல் இருப்பது மீதிப் பாதி. வயலில் அந்தப் பெட்டி கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பொதிகைப் பக்கமிருந்து மேகம் இறங்கினால் பத்து நிமிஷத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும். அதனால் ஒவ்வொரு கருவியையும் "உன் வெளிச்சம் யாருடையது" என்று கேட்டுக்கொண்டே வருவோம்.

இலை வண்ண அட்டை. ஜப்பானில் பிறந்து, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசியா பூராவும் பரப்பியது. வெளிர்பச்சையில் தொடங்கி கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள், நான்கு பட்டை உள்ளதும் உண்டு, ஆறு பட்டை உள்ளதும் உண்டு. விலை சில நூறு ரூபாய்க்குள். பேட்டரி கிடையாது, சேற்றில் விழுந்தால் கழுவிக்கொள்ளலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்லும் முறை தெளிவானது. நட்ட பதினாலாம் நாளிலிருந்து கதிர் வெளிவரும் வரை வாரம் ஒரு தடவை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வயலில் பத்து இடத்தில், மேலிருந்து மூன்றாவதாக நன்றாக விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி மாதிரி ரகத்துக்கு அட்டையில் 3-தான் எல்லை, மற்றவைக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் போடு, இல்லையென்றால் ஒரு வாரம் பொறு. போடும் அளவு பிசானத்துக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா, மூட்டையில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. கார் பருவத்துக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ.

இதில் வெளிச்சம் சூரியனுடையது, ஆனால் அட்டையும் இலையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மேகம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அட்டையின் மேல் எனக்கு மரியாதை அதிகம், விலையுயர்ந்த கருவிகள் பல இந்தச் சின்ன விஷயத்தைச் சரிக்கட்டத்தான் படாத பாடு படுகின்றன. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள், இலையைப் பறிக்காதீர்கள், ஒரே ஆள்தான் பருவம் முழுக்கப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதன் குறை கண்ணில்தான் இருக்கிறது. மூன்றரையை ஒருத்தர் மூன்று என்பார், ஒருத்தர் நாலு என்பார். எங்கள் வயலில் வைத்து ஒரே இலையை அஞ்சு பேரிடம் காட்டினேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். பழைய அட்டை வெயிலில் கிடந்து வெளிறினாலும் அளவு மாறிப்போகும், அதை டிராயரில் வைக்க வேண்டும். பெரியப்பாவின் கண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பார்வையில் குறையில்லை, நேற்றைய பச்சையை இன்றைக்கு நினைவில் வைத்து ஒப்பிடுவது எந்தக் கண்ணாலும் முடியாத காரியம். அட்டை அந்த நினைவைக் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

செல்போன் ஆப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போன் கேமரா அழகான படம் எடுக்கச் செய்யப்பட்டது. வெளிச்சம் மாறினால் தானே நிறத்தைச் சரிசெய்யும், தானே வெளிச்சத்தைக் கூட்டும், பச்சையை எடுப்பாகக் காட்டும். அளப்பதற்கு இது நேர் எதிர். படத்துக்குள் வெள்ளைத் தாளோ வண்ண அட்டையோ கூடவே இருந்து அதோடு ஒப்பிடும் ஆப் என்றால் ஏதோ கொஞ்சம் நம்பலாம், அப்படியும் ஒரு போனில் வரும் எண் இன்னொரு போனில் வராது. வேண்டாம்.

இலையின் பச்சையத்தை அளக்கும் ஸ்பாட் (SPAD) மீட்டர் இதற்கு நேர் மறுகோடி. கோனிகா மினோல்டாவின் ஸ்பாட் 502 உள்ளங்கையில் அடங்கும், இலையை அதன் வாயில் வைத்து அழுத்தினால் உள்ளேயே 650 நானோமீட்டர் சிவப்பு விளக்கும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் எரிந்து, இலையைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று பார்த்து எண் சொல்லும். இரண்டாவது விளக்கு இலையின் தடிமனைக் கழித்துக்கொள்ள. இலையைக் கவ்வி மூடிவிடுவதால் வெயில் உள்ளே போக வழியில்லை, வெளிச்சம் முழுக்கக் கருவியுடையது. நாங்கள் ஆலையில் கறுப்புத் திரை போட்டுச் செய்ததை இது இரண்டு தாடையால் செய்கிறது. அளவின் ஒழுங்கை மட்டும் பார்த்தால் இந்த வரிசையில் இதை மிஞ்ச எதுவுமில்லை.

ஆனால் அது பார்ப்பது 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். நாற்பது ஏக்கரை அதை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் வயலுக்கு முப்பது இலையாவது கவ்வ வேண்டும், நடுநரம்பை விலக்கி, சேற்றில் குனிந்து குனிந்து. நெல்லுக்கு 35 என்று ஒரு எல்லை பரவலாகச் சொல்லப்படுகிறது, அதுவும் ரகத்துக்கு ரகம், பருவத்துக்குப் பருவம் மாறும். விலையோ லட்சக் கணக்கில். ஆராய்ச்சி நிலையத்துக்கும் விதை நெல் போடுகிறவர்களுக்கும் சரி, நமக்குச் சொந்தமாக வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937-இலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அம்பை என்று தொடங்கும் ரகமெல்லாம் அங்கே வந்தவைதான். ஒரு நாள் அங்கே போய், மீட்டர் இருந்தால் நம் அட்டைக்காரரின் கண்ணை அதோடு ஒத்துப்பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆலையில் அளவுகோலுக்கே அளவு பார்ப்போம், அதே வேலை.

அடுத்தது கையில் பிடித்து நடக்கும் என்டிவிஐ (சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு வரும் பச்சைக் குறியீடு) கருவி, கிரீன்சீக்கர் என்ற பெயரில் அதிகம் தெரிந்தது. நான் அதிக நேரம் செலவழித்தது இதன் மேல்தான். துப்பாக்கி மாதிரி விசையை அழுத்திக்கொண்டு பயிருக்கு மேலே அறுபதிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து வரப்போடு நடந்தால், கருவி தானே சிவப்பையும் அகச்சிவப்பையும் துடிப்பாக விட்டு விட்டு அனுப்பி, திரும்பி வருவதில் தன் துடிப்பை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. வெயில் அப்படித் துடிப்பதில்லை என்பதால் அதைக் கழித்துவிடலாம். நாங்கள் லென்ஸில் வடிகட்டி மாட்டியது போன்ற வேலைதான், இன்னும் நுணுக்கமாக. மேகம் வந்தாலும் போனாலும் எண் அசையாது, ராத்திரியில்கூட அளக்கலாம். விசையை விட்டால் நடந்த தூரத்தின் சராசரி 0-க்கும் 0.99-க்கும் நடுவில் வந்து நிற்கும். ஸ்பாட்டைவிட விலை நல்ல குறைவு, ஒரு குழுவால் முடியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது ஒரு இலையைப் பார்ப்பதில்லை, கீழே தெரிவதையெல்லாம் பார்க்கிறது. நட்ட மூன்று வாரம் வரை இலையைவிடத் தண்ணீர்தான் அதிகம் தெரியும், தண்ணீர் அகச்சிவப்பைக் குடித்துவிடுவதால் எண் தாழ்ந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயிர் பசிக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வயல் முழுக்கப் பச்சை மூடிய பிறகு நேர் எதிர்: எண் 0.8 பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேல் எவ்வளவு கரும்பச்சை ஆனாலும் பெரிதாக ஏறாது. என் போன வருஷத்துத் தப்பை, அதாவது கடைசி நேரத்துக் கூடுதலை, இது பிடித்திருக்குமா என்றால் சந்தேகம்தான். நன்றாகத் தூர் கட்டும் காலத்திலிருந்து கதிர் உருவாகும் வரை உள்ள அந்த மூன்று நான்கு வாரத்தில்தான் இதன் பேச்சுக்கு மதிப்பு. மேலுரத்தில் முக்கியமானதும் அந்த வாரங்கள்தான் என்பதால் நான் இதைத் தள்ளவில்லை.

இன்னொன்று, 0.62 என்று வந்தால் அது நல்லதா கெட்டதா என்று கருவிக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். வயலில் ஒரு பட்டைக்கு மட்டும் ஆரம்பத்திலேயே குறையில்லாமல் தழைச்சத்து கொடுத்துவிடுவது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டையையும் மீதி வயலையும் அளந்து ஒப்பிடுவது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மீதி வயலுக்கும் பசி இல்லை, மூட்டையைப் பிரிக்க வேண்டாம். வித்தியாசம் கூடக் கூட உரம் தேவை. அட்டையும் இலையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பது போல, இங்கே பட்டையும் வயலும் ஒரே மண்ணில், ஒரே ரகத்தில், ஒரே மழையில் இருக்கின்றன.

ட்ரோன் அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. பல நிறக் கேமரா மாட்டிய ட்ரோன் எடுக்கும் படத்தை நான் பார்த்திருக்கிறேன், சில சென்டிமீட்டர் நுணுக்கத்தில் நாற்று நட்ட வரிசை வரை தெரியும், மடைக்குப் பக்கம் ஒரு நிறம், கடைமடையில் ஒரு நிறம், மனசு போய்விடும். ஆனால் வெளிச்சம் முழுக்கச் சூரியனுடையது. அதைச் சரிக்கட்ட ட்ரோனின் முதுகில் வெயிலை அளக்கும் ஒரு உணரி, தரையில் எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று தெரிந்த சாம்பல் பலகை, ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு படியுமாறு நூற்றுக்கணக்கான படங்கள், அதைத் தைத்து ஒட்டும் மென்பொருள் எல்லாம் வேண்டும். பறக்கும்போது மேகத்தின் நிழல் பாதி வயலைக் கடந்தால் அந்தப் பாதிக்குப் பசி என்று படம் சொல்லும். வெயிலும் மேகமும் கண்ணாமூச்சி ஆடுவதுதான் பிசானம்.

சட்டமும் இருக்கிறது. ட்ரோன் விதிகள் 2021 வந்ததிலிருந்து பதிவு, ஓட்டுநர் சான்றிதழ், பச்சை மஞ்சள் சிவப்பு மண்டலங்கள் என்று வரையறை உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் எல்லாம் இருக்கிற மாவட்டம் நம்முடையது, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் தன் வயல் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்காமல் யாரும் ஏற்றக்கூடாது. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி செய்யவும் தடை, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும்தான் விலக்கு. பழுதானால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி என்னை ட்ரோனிலிருந்து விலக்கியது வேறொரு விஷயம். யூரியாவை வீசப்போவது யார்? கடகப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் ஆள். அவர் கையால் "இந்த மூலைக்குக் கொஞ்சம் குறைத்து, அந்த ஓரத்துக்குக் கூட்டி" என்று சொன்னால் செய்ய முடியும், சென்டிமீட்டர் கணக்கில் மாற்றி வீச முடியாது. ஐரோப்பாவில் டிராக்டர் மேலேயே உணரியை வைத்து, ஓடும்போதே உரத்தின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிறார்கள், அங்கே அளப்பதும் போடுவதும் ஒரே நுணுக்கம். ஆலையிலும் அப்படித்தான், கேமரா கண்டுபிடிப்பதைத் தள்ளிவிட ஒரு கை இல்லையென்றால் கேமராவால் பயனில்லை. போடுகிற கையின் நுணுக்கத்துக்கு மேல் அளப்பதற்குக் கொடுக்கும் பணம் நம் நிலைமையில் வீண். உரம் தெளிக்கும் ட்ரோன் நம் பத்துக்குள் வழக்கமாக வரும் நாளில் இந்தக் கணக்கு மாறும், அப்போது மறுபடி உட்கார்ந்து பேசலாம்.

செயற்கைக்கோள் இலவசம் என்பதால் அதையும் பார்த்தேன். ஐரோப்பாவின் சென்டினல் 2 வரிசை, 2015-லும் 2017-லும் ஏவிய இரண்டும் சேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை நம் தலைக்கு மேல் வரும்படி அமைத்தது, படத்தை யாரும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நாற்பது சென்ட் வயலை எடுத்தால் பதினாறு கட்டம்தான், அதில் ஓரத்துக் கட்டங்களில் வரப்பும் தென்னையும் பக்கத்து வயலும் கலந்துவிடும், சுத்தமான நெல் நடுவில் நாலு கட்டம் தேறினால் அதிகம். மழைக் காலத்தில் மேகத்தைத் தாண்டிப் பார்க்கவும் முடியாது, தொடர்ந்து மூன்று நான்கு தடவை வெறும் வெள்ளையாக வந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் நாற்பது ஏக்கரில் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது, எந்த வயலுக்கு முதலில் அட்டையைக் கொண்டு போகணும் என்பதற்கு மேகமில்லாத ஒரு நாள் படம் போதும். செலவில்லை, வாரம் ஒருத்தர் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

எந்தக் கருவிக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை: பச்சை குறைந்திருக்கிறது என்றுதான் இவை சொல்லும், ஏன் என்று சொல்லாது. துத்தநாகம் குறைந்தாலும், கந்தகம் குறைந்தாலும், தண்ணீர் வடியாமல் வேர் மூச்சுத் திணறினாலும் இலை வெளிறும். அங்கே யூரியாவைக் கொட்டினால் நோயைக் கூப்பிட்ட மாதிரி. எண் தாழ்ந்த வயலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகே மூட்டையைத் தொடணும்.

சரி, குழுவுக்கு நான் சொல்லப்போவது இது. பதினாலு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு வண்ண அட்டை, இந்தப் பிசானத்துக்கே. குழுவுக்கு ஒரே ஒரு கையடக்க என்டிவிஐ கருவி, அதை ரெண்டு பேர் மட்டும் பழக வேண்டும். செயற்கைக்கோள் படம் எந்த வயலுக்கு முதலில் போவது என்பதற்கு. ட்ரோனும் ஸ்பாட்டும் வாங்க வேண்டாம். அட்டையும் கருவியும் முரண்பட்டால், பயிர் மூடுவதற்கு முன்னாலும் மூடிய பின்னாலும் அட்டை சொல்வதைக் கேட்போம், நடு வாரங்களில் கருவி சொல்வதைக் கேட்போம்.

கருவியின் எண்ணை ஒப்பிட, ஆரம்பத்திலேயே குறையில்லாமல் தழைச்சத்து கொடுக்கும் அந்த வளமான பட்டையை எந்த வயலில் போடுவது என்பதுதான் பாக்கி. மடை வாயில் வேண்டாம், அங்கே வண்டல் தங்கி எப்போதும் செழிப்பாகத்தான் இருக்கும். தென்னை நிழலும் விழக்கூடாது. இந்த ரெண்டுக்கும் தப்பி, நடுப்பத்தில், வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருப்பது பெரியப்பாவின் முப்பது சென்ட்தான். கேட்டேன். "குலைநோய் வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்றார், அப்புறம் தெற்கு ஓரத்தில் அஞ்சு மீட்டர் அகலத்துக்குக் கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டார்.